செம்புக்குள் பன்னிரண்டு பேர்

அக்கா விடைத்தாள் திருத்தும் நாட்களில் நானும் அம்மாவும் அவள் கண்ணில் படாமல் ஒதுங்கியே இருப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே எங்களைக் கூப்பிட்டாள். கூப்பிட்டாள் என்ன, சாப்பாட்டு மேசையிலிருந்து கத்தினாள்.

“ரெண்டு பேரும் இங்க வாங்க! இதைக் கேளுங்க. ‘ஒரு செம்புக் கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் ஏன் இறுகிப்போகிறது?’ இதான் கேள்வி. பதில் என்ன எழுதியிருக்கு தெரியுமா? ‘அணுக்கள் சோர்ந்துபோய் விடுவதால்.’”

அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “சரியாத்தானே எழுதியிருக்கு? நானும் நாள் பூரா குனிஞ்சு நிமிர்ந்தா இடுப்பு இறுகித்தான் போகுது.”

“அம்மா, உன் இடுப்பு செம்பு இல்ல!”

“செம்பா இருந்தா தேவலையே.”

இன்னொரு தாளில் ‘மடக்குகிறவர் விரலில் உள்ள உப்பு காரணம்’ என்று இருந்தது. மூன்றாவது தாளில் கேள்வியையே அழகான கையெழுத்தில் திரும்ப எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. ஒன்பது வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் பொருள் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறாள். இரும்பு ஏன் இரும்பாக இருக்கிறது, கண்ணாடி ஏன் உடைகிறது, செம்பு ஏன் வளைகிறது என்கிற பாடம். வருஷாவருஷம் பாதி வகுப்பு இந்த ஒரு கேள்வியில் மண்ணைக் கவ்வும். அவளுக்கு அது தன்னுடைய தோல்வி மாதிரி.

“சரி, பதில்தான் என்ன?” என்றேன். அப்போது எனக்கு வேறு வேலையும் இல்லை. ஆறு வருஷம் கம்ப்யூட்டர் கேம் செய்யும் கம்பெனியில் இருந்தேன். நாலு மாசத்துக்கு முன்னால் கம்பெனியை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அக்கா வீட்டு சோபாதான் எனக்கு ஆபீஸ்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கையறையில் நிறுத்தினாள். மெத்தை விரிப்பைக் காட்டி, “இதை மொத்தமா அந்தக் கோடிப் பக்கம் ஒரு இஞ்சு நகர்த்து” என்றாள். இழுத்தேன். வரவில்லை. அவள் ஒரு ஓரத்தை மட்டும் லேசாகத் தள்ளினாள். விரிப்பில் ஒரு சுருக்கம் எழும்பியது. அந்தச் சுருக்கத்தை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே போனாள். அது மறுகோடியைத் தொட்டபோது விரிப்பு முழுக்க ஒரு இஞ்சு நகர்ந்திருந்தது.

“செம்புக்குள்ள அணுங்க வரிசை வரிசையா அடுக்கி இருக்கும். வளைக்கும்போது ஒரு அடுக்கு மொத்தமா நகராது. இந்த மாதிரி ஒரு சுருக்கம்தான் ஓடும். புஸ்தகத்துல அதுக்கு டிஸ்லொகேஷன்னு பேரு. இதைத்தான் வருஷாவருஷம் கரும்பலகைல வரையறேன். எல்லாரும் தலையாட்டுறாங்க. ஒருத்தர் முகத்துலயும் வெளிச்சம் இல்ல.”

“உள்ள போய்ப் பாத்தா புரிஞ்சிடும்” என்றேன், கொட்டாவி விட்டுக்கொண்டே.

“எதுக்குள்ள?”

“செம்புக்குள்ளதான். கண்ணை மூடுற வி.ஆர். ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு உள்ள போய் நிக்கணும். அணு ஒவ்வொண்ணும் கால்பந்து சைஸ்ல இருக்கணும். அந்தச் சுருக்கத்தைக் கையால புடிச்சுத் தள்ளணும்.”

அக்கா என்னையே பார்த்தாள்.

“உன்னால செய்ய முடியுமா?”

“ஆயிரத்து நானூறு அறை வச்சு ஒரு பேய் மாளிகை கட்டினவன்க்கா நான். உருண்டையை அடுக்குறதெல்லாம் ஒரு வேலையா?”

அடுத்த பத்து வாரம் அந்த வாக்கியத்தை நான் தினமும் மென்று விழுங்கினேன்.

முதல் வாரமே அணுக்களை வரிசையாக அடுக்கிப் பளபளவென்று ஒரு படிகம் செய்து காட்டினேன். அக்கா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். “அழகா இருக்கு. தப்பு.” கழற்றிக் கையில் கொடுத்துவிட்டாள். “ஒரு அணுவைச் சுத்தி எத்தனை பேர் தொட்டுக்கிட்டு நிக்கிறாங்க? எட்டு. செம்புன்னா பன்னிரண்டு பேர் நிக்கணும்.” மாற்றினேன். அதையும் பார்த்தாள். “அழகா இருக்கு. தப்பு. அணுங்க ஆணி அடிச்ச மாதிரி நிக்குதே, அது துடிக்க வேண்டாமா?” துடிக்க வைத்தேன். “இது துடிப்பா? குளிர் ஜுரம் வந்த மாதிரி இருக்கு.”

மூக்கு மேல் கோபம் வரும் எனக்கு. ஒருநாள் லேப்டாப்பை மூடிவிட்டு, “நீயே செஞ்சுக்கோ” என்று வெளியே போய்விட்டேன். பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனேன். போகும் வழியெல்லாம் பன்னிரண்டு பேர் தொட்டுக்கொண்டு நிற்கும் அணுதான் கண்ணுக்குள் நின்றது. ஒரு அணுவைத் தள்ளினால் அந்தப் பன்னிரண்டும் எப்படி இழுக்கும்? நான் ஒவ்வொரு அணுவையும் தனித்தனியாக நகர்த்திக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்தை மட்டும் கேட்டு நகரச் சொன்னால் போதுமே! பேருந்தில் ஏறாமல் ஓட்டமாகத் திரும்பி வந்தேன்.

மூன்றாம் நாள் அது ஓடியது. ஒழுங்காக நிற்கும் அணுக்களுக்குச் செம்பு நிறம், இடம் பிசகி நிற்பவற்றுக்குச் சிவப்பு என்று வைத்திருந்தேன். படிகத்தின் நடுவே சிவப்பாக ஒரு கோடு, அதுதான் அக்கா சொன்ன சுருக்கம். ஹெட்செட்டோடு வரும் கைப்பிடியால் அதைத் தொட்டுத் தள்ளினேன். டக். ஒரு வரிசை பிடியை விட்டுப் பக்கத்து வரிசையைப் பிடித்தது. டக், டக், டக், டக். கைப்பிடி உள்ளங்கையில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தடவை அதிர்ந்தது. கோடு மறுகோடியில் போய் வெளியே விழுந்தது. படிகத்தின் ஓரத்தில் ஒரு படி உண்டாகியிருந்தது.

அக்காவுக்கு மாட்டிவிட்டேன். தள்ளினாள். பிறகு போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம், அம்மா கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்துவிட்டாள்.

“என்னடி ஆச்சு?”

“நகருதும்மா! நெஜமாவே நகருது!”

அம்மாவுக்கும் மாட்டிவிட்டோம். அவள் சோபாவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். “ஏன்டா, தரையே இல்லையே? காலை எங்கடா வைக்கிறது? தல சுத்துது, கழட்டு, கழட்டு!”

பத்து வாரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாதது அது. அன்றைக்கே படிகத்துக்கு அடியில் சாதாரணச் சிமெண்டுத் தரை ஒன்றும், நாலு பக்கமும் சுவரும் போட்டேன். ஒரு சுவரில் விசை காட்டும் எண்கள், இன்னொன்றில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம். அம்மா மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டு, “இப்ப ஒரு வீடு மாதிரி இருக்கு” என்று ஒப்புதல் தந்தாள். அதன் பிறகு யாருக்கும் தலை சுற்றவில்லை.

பல்கலைக்கழகத்திலேயே பன்னிரண்டு ஹெட்செட் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஏதோ திட்டத்தில் வாங்கி, அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி துறைத் தலைவரிடம். அவர் முப்பது வருஷமாக எஃகு ஆராய்ச்சி செய்கிறவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் இரும்பு. எஃகு மட்டும் அதற்குக் காரணமில்லை.

“எனக்கு இந்த வித்தையெல்லாம் ஒத்து வராதும்மா. ஒரு சாக்பீஸ் இருந்தா போதும், நான் எதையும் புரிய வைப்பேன்” என்றார்.

“ஒரே ஒரு வகுப்பு சார். ஒரு மணி நேரம்.”

“சரி. ஆனா நானும் வந்து உக்காருவேன். பிள்ளைங்க விளையாடுறாங்கன்னு தெரிஞ்சா, பெட்டி மறுபடி அலமாரிக்குப் போயிடும்.”

மூன்றாவது மாடியில் அந்த வகுப்பு நடந்தது. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் டேப் ஒட்டிப் பன்னிரண்டு வட்டம் போட்டேன். இருபத்தாறு மாணவர்கள். பன்னிரண்டு பேர் மாட்டிக்கொள்ள, மற்றவர்கள் திரையில் பார்க்க வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிகம், அதில் தனியாக ஒரு சிவப்புக் கோடு. அக்கா நிமிஷக் கணக்கில் பாடத்தை எழுதி வைத்திருந்தாள். இரும்பு சார் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பன்னிரண்டு பேரில் ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். அவளைக் கொட்டாவி என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். விடியற்காலையில் ஒரு பேக்கரியில் மாவு பிசையும் வேலை முடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவள். கடைசி பெஞ்சு. போன தடவை இந்தப் பாடத்தில் தேறாமல், இப்போது இரண்டாவது தடவையாகப் படிக்கிறாள்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்கள். நான் கம்ப்யூட்டரில் பொத்தானைத் தட்டினேன்.

“அம்மாடி!” என்றது ஒரு குரல். “எவ்வளவு பெருசு!” என்றது இன்னொன்று. எனக்குள் ஒரு பூரிப்பு. அது ஐந்து நொடிகூட நிலைக்கவில்லை.

“மேடம், என் செம்புக்குள்ள யாரோ இருக்காங்க!”

“டேய், அது நான்தான்டா!”

“என் முதுகுப் பக்கம் ஒரு கை வருது மேடம்!”

நான் கம்ப்யூட்டரில் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். முந்தின வாரம் சோதனை செய்தபோது, அக்கா உள்ளே என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்காக எல்லா ஹெட்செட்டையும் ஒரே அறை எண்ணில் வைத்திருந்தேன். அதை மாற்ற மறந்துவிட்டேன். பன்னிரண்டு படிகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே படிகம், அதற்குள் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சிவப்புக் கோடு, திசைக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கிடந்தது.

அக்கா பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன். “தப்பு என்மேலதான்க்கா. எல்லாத்தையும் நிறுத்தித் திரும்ப ஆரம்பிக்கணும். இருபது நிமிஷம் ஆகும்.”

இரும்பு சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அதில் கோபம் வரப்போகிறது என்று எதிர்பார்த்தேன். வேறு என்னமோ வந்தது.

“விடு” என்றாள்.

“என்னது?”

“அப்படியே விடு. ஒண்ணையும் தொடாதே.” எழுதி வைத்திருந்த தாளை நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள். “எல்லாரும் கேளுங்க! இப்ப நீங்க பன்னிரண்டு பேரும் ஒரே செம்புத் துண்டுக்குள்ள இருக்கீங்க. யாரும் நகராதீங்க. முதல்ல ஒருத்தர் மட்டும். பேக்கரி, நீ உன் கோட்டைத் தள்ளும்மா.”

கொட்டாவி கையை நீட்டித் தள்ளினாள். கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. “ஐயோ, வெண்ணெய் மாதிரி போகுது! கத்தியே வேண்டாம்!”

“எவ்வளவு விசை காட்டுது?”

“மூணு மேடம்.”

“நல்லது. பழைய இடத்துக்குக் கொண்டு வந்துடு. இப்ப எல்லாரும் சேர்ந்து தள்ளுங்க!”

தள்ளினார்கள். அடேயப்பா, அந்த அறை அப்படி ஒரு கூச்சலைக் கேட்டிருக்காது! திரையில் பன்னிரண்டு கோடும் ஒரே நேரத்தில் கிளம்பியது. ஒன்றையொன்று வெட்டியது. வெட்டிய இடத்தில் முடிச்சு விழுந்தது. முடிச்சில் மாட்டிய கோடு வில்லாக வளைந்து, வட்டமாகக் கழன்று, தன்னைப் போலவே இன்னொன்றைப் பெற்றுப் போட்டது.

“நான் ஒண்ணுதான் தள்ளினேன், இப்ப நாலு நிக்குது!”

“என் வழியில குறுக்க நிக்காதடா!”

“நான் எங்க நிக்கிறேன், என் கோடு நிக்குது!”

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பதினாலு பேரும் எழுந்து நின்று, “இடது பக்கம் தள்ளு! மேல ஒண்ணு வருது பாரு!” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். செம்பு நிறம் குறைந்து படிகம் முழுக்கச் சிவப்பு வலையானது. சுவரில் எண் ஏறியது. பத்து. இருபது. முப்பத்தைந்து. பிறகு எதுவுமே அசையவில்லை.

“மேடம், ஹேங் ஆயிடுச்சு” என்றான் ஒருவன்.

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. “ஹேங் ஆகல. சிக்கிக்கிட்டீங்க.”

சத்தம் அடங்கியது. பன்னிரண்டு பேரும் நீட்டிய கையோடு நின்றார்கள். அந்த அமைதியில் கொட்டாவி மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி பேசினாள்.

“மேடம்... இதுதான் அந்தக் கேள்வியா?”

“எந்தக் கேள்வி?”

“கம்பியை மடக்க மடக்க இறுகிப்போகுதே, அது. முதல்ல ஒண்ணு ரெண்டு கோடு இருக்கு, லேசாப் போகுது, அதனால கம்பி மெத்துனு வளையுது. மடக்க மடக்கக் கோடு பெருகுது. ஒண்ணை ஒண்ணு போக விடல. அதான் இறுகுது! அணு ஒண்ணும் சோர்ந்து போகல மேடம்! எல்லாம் முட்டிக்கிட்டு நிக்குது!” ஹெட்செட்டோடு அக்கா இருந்த பக்கம் என்று நினைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். “சோர்ந்து போச்சுன்னு எழுதினது நான்தான்.”

வகுப்பே வெடித்துச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“இன்னும் பலமாத் தள்ளிப் பாக்கலாமா?” என்று ஒரு பையன் கேட்டான். அக்கா தலையசைத்ததை அவனால் பார்க்க முடியாது என்று அவளுக்கே உறைத்து, “தள்ளுங்க!” என்றாள். தள்ளினார்கள். முடிச்சுகள் அவிழவில்லை. ஓரத்தில் கருப்பாக ஒரு விரிசல் வாயைத் திறந்தது. “உடையுது, உடையுது! நிறுத்துங்க!” என்று திரைப் பக்கம் இருந்தவர்கள் அலறினார்கள். கம்பி கடைசியில் ஏன் உடைகிறது என்பதைத் தனியாக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இதை எப்படி விடுவிக்கிறது?” அக்கா கேட்டாள். “பலத்துல முடியாது, பாத்துட்டீங்க.”

கொட்டாவிதான் மறுபடி பேசினாள். “மாவை ரொம்பப் பிசைஞ்சா ரப்பர் மாதிரி இழுத்துக்கும் மேடம். அப்ப அது கூட மல்லுக்கட்டக் கூடாது. அரை மணி நேரம் சும்மா விட்டுடுவோம். தானா தளர்ந்துடும். செம்பையும் அப்படி விட்டா?”

“விடலாம். ஆனா செம்பு அரை மணி நேரத்துல தளராது. இந்த அறை வெப்பத்துல நம்ம ஆயுசு பத்தாது. அதைச் சீக்கிரம் நடக்க வைக்க என்ன குடுக்கணும்?”

ஏழெட்டுக் குரல் ஒன்றாக: “சூடு!”

அதுவரை யாரும் தொடாத சுவர்ச் சக்கரத்தைக் கொட்டாவி எட்டிப் பிடித்துத் திருப்பினாள். அணுக்களின் துடிப்பு கூடியது. கைப்பிடிகள் தேனீக்கூடு மாதிரி ரீங்கரித்தன. சிக்கலில் இருந்த கோடுகள் அசைய ஆரம்பித்தன. எதிரெதிராக வந்த இரண்டு கோடு தொட்டுக்கொண்டதும் இரண்டும் காணாமல் போயின. இன்னும் இரண்டு. இன்னும் இரண்டு. அப்புறம் கீழ் மூலையில், சிவப்புக்கு நடுவே, ஒரு உள்ளங்கை அளவு சுத்தமான செம்பு நிறம் முளைத்தது. அதன் வரிசைகள் பழைய வரிசைகளுக்குச் சாய்வாக நின்றன. அது வளர்ந்தது. சிக்கலைத் தின்றுகொண்டே வளர்ந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அந்தப் புரோகிராமில் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. ஆனால் இப்படி ஒரு மூலையில் புதிதாக முளைத்து வா என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அக்கம்பக்கத்தைக் கேட்டு நகரு என்று மட்டும்தான் எழுதினேன். ஒரே ஒரு கோடு இருந்த படிகத்தில் இது வர வாய்ப்பே இல்லை. மறந்துபோன அந்த அறை எண்தான் இதைக் கொண்டு வந்தது. அக்காவும் திரையைப் பார்த்தபடி என் தோளை நகம் பதிய அழுத்திக்கொண்டிருந்தாள்.

“புதுச் செம்பு பொறக்குது” என்று கிசுகிசுத்தது ஒரு குரல்.

“இப்ப தள்ளு பேக்கரி” என்றாள் அக்கா.

தள்ளினாள். “மூணு! மறுபடி மூணு மேடம்!”

அப்போது திரைப் பக்கத்திலிருந்து ஒருத்தி கையைத் தூக்கினாள். “மேடம், தப்பா நினைக்காதீங்க. நெஜமாவே இப்படித்தான் நடக்குமா, இல்ல கேம் அண்ணா நம்ம காதுல பூ சுத்துறாரா?”

“நல்ல கேள்வி! வாங்க கீழ!” என்று அக்கா கதவைத் திறந்துவிட்டாள்.

இருபத்தாறு பேரும் படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார்கள். நாலைந்து பேர் ஹெட்செட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் நெற்றிமேல் தூக்கிவிட்டுக்கொண்டு ஓடினார்கள். தரைத் தளத்தில் எங்கள் துறைப் பட்டறை. அங்கே உலைகளையும் இயந்திரங்களையும் பார்த்துக்கொள்ளும் பட்டறை அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் டம்ளரோடு எழுந்து நின்றார். “என்ன மேடம், தீ கீ புடிச்சிருச்சா?”

“இனிமேத்தான் புடிக்கணும் அண்ணா. செம்புக் கம்பி குடுங்க, பென்சில் தடிமன்ல பாதி. கேஸ் டார்ச்சைப் பத்த வைங்க.”

ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். மடக்கினார்கள், நிமிர்த்தினார்கள். மூன்றாம் தடவை பல்லைக் கடித்தார்கள். நாலாம் தடவை முழங்காலில் வைத்து அழுத்தினார்கள். “உள்ள முட்டிக்கிட்டு நிக்குதுடா!” என்று ஒருவன் கம்பியைக் காதோரம் வைத்துக் கேட்டான், சத்தம் வரும் என்பது மாதிரி. பட்டறை அண்ணன் கொட்டாவியின் கம்பியை வாங்கி டார்ச் சுவாலையில் காட்டினார். செக்கச்செவேலென்று ஆனதும் பக்கத்து வாளித் தண்ணீரில் போட்டார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது.

“அய்யோ, தண்ணில போட்டா இறுகிப்போயிடுமே!” என்றான் ஒருவன்.

“அது என் ஆளு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இரும்பு சார்! அவரும் மூன்று மாடி இறங்கி வந்திருந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. “சிவக்கச் சுட்டுத் தண்ணில போட்டா இறுகுறது எஃகு. இது செம்பு. இதுக்கு அந்த வீம்பெல்லாம் கிடையாது.”

கொட்டாவி கம்பியைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். இரண்டு விரலால் மடக்கினாள். ஈர நூல் மாதிரி வளைந்தது. “மூணு!” என்று கத்தினாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் அதையே திருப்பிக் கத்தினார்கள். என்ன மூன்று, எதற்கு மூன்று என்று பட்டறை அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரும் கை தட்டினார்.

வகுப்பு முடிந்து முக்கால் மணி நேரம் கழித்து, கம்ப்யூட்டரை அணைக்க மேலே போனேன். அறையில் விளக்கு எரிந்தது. ஒரு வட்டத்துக்குள் இரும்பு சார் நின்றுகொண்டிருந்தார், தலையில் ஹெட்செட்டோடு, மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு. டக், டக் என்று தள்ளிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் கழற்றவில்லை.

“யாரு, தம்பியா?”

“ஆமா சார்.”

“இதுல இரும்பு இல்லையா?”

“இல்ல சார். செம்பு மட்டும்தான்.”

“எப்ப வரும்?”

இரண்டு வாரத்தில் வந்தது. அலமாரிச் சாவி அதற்கு முன்பே அக்காவின் கைக்கு வந்துவிட்டது. மூன்றாவது மாடி அறையும் வந்தது. துறையில் எனக்கு ஒரு வேலையும் போட்டுக் கொடுத்தார்கள். சோபா அம்மாவின் வெட்டுத் துணிகளுக்குக் கிடைத்தது. வகுப்புக்கு ஒரே படிகம், உள்ளே எல்லாரும் ஒன்றாக என்பது எங்கள் சட்டமாகிவிட்டது.

அந்தப் பருவத் தேர்வில் அக்கா அதே கேள்வியை வைத்தாள். இருபத்தாறு பேரில் இருபத்துமூன்று பேர் சரியாக எழுதினார்கள். ஒரு தாளில் முதல் வரியே ‘நான் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை’ என்று இருந்தது. அக்கா அதை எங்களுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினாள்.

தேர்வு முடிந்த மறுநாள் எங்கள் மூன்றாவது மாடி லேபுக்குள் கொட்டாவி வந்தாள். லீவு நாள், யாரும் வரவேண்டியதில்லை. முழங்கையில் மாவு காய்ந்திருந்தது. கையில் ஒரு நோட்டு.

“மேடம், ஒரு விஷயம். சும்மா எண்ணிப் பாத்தேன். தப்பா இருந்தா சொல்லிடுங்க.”

மூன்று வாரமாகச் சாயங்காலங்களில் அவள் தனியாக உள்ளே போய் வருவது எனக்குத் தெரியும். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் எண்ணியிருக்கிறாள். படிகத்துக்குள் எத்தனை கோடு இருக்கும்போது தள்ள எத்தனை விசை என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள்.

“கோடு ரெண்டு மடங்கு ஆனா விசையும் ரெண்டு மடங்கு ஆகும்னு நினைச்சேன். ஆகல. கோடு நாலு மடங்கு ஆனாத்தான் விசை ரெண்டு மடங்கு ஆகுது. பதினாலு தடவை பாத்துட்டேன். கிட்டத்தட்ட அதேதான் வருது.”

அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தாள். அடுத்த பக்கம் திருப்பினாள். என்னிடம் திரும்பி, “டேய், இதை நீ உள்ள எழுதினியா?” என்றாள். அவள் குரலே மாறிப்போயிருந்தது.

“எதைக்கா? அப்படி எதுவும் இல்லையே.”

அவள் அலமாரிக்கு ஓடினாள். ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து வந்து, அடுத்த வருஷத்துக்கான பாடத்தைப் பிரித்துக் கொட்டாவியின் முன்னால் வைத்தாள். அங்கே ஒரு சூத்திரம் இருந்தது. கோடுகளின் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வலிமை கூடும் என்று.

கொட்டாவி இரண்டு தடவை படித்தாள். “ஐயோ. ஏற்கெனவே கண்டுபிடிச்சுட்டாங்களா?”

“எப்பவோ! நம்ம யாரும் பொறக்கிறதுக்கு முன்னாடி.”

“அவங்களுக்கும் இதே விடைதான் வந்துச்சா?”

“இதேதான்.”

“அப்ப நான் சரி!” என்று குதித்தாள். அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், சட்டையெல்லாம் மாவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டை வாங்கி அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொட்டாவி அதற்குள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்திருந்தாள். “அப்படின்னா ஒன்பது மடங்கு ஆக்கினா, விசை மூணு மடங்கு வரணும். அண்ணா, ஒன்பது மடங்கு தாங்குமா உங்க கம்ப்யூட்டர்?”

“தெரியல. போட்டுப் பாக்கலாம்.”

அவள் ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வட்டத்துக்குள் போய் நின்றாள். அக்காவும் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள்.